துவைக்காமல் கொண்டு வாருங்கள்

போன மாதம் எங்கள் பழைய ஆஸ்பத்திரியிலிருந்து இரண்டு பெண்கள் வீட்டுக்கு வந்தார்கள். இருவரும் புதிதாகச் சேர்ந்த நர்சுகள். கையில் சிலேட்டு அளவுக்கு ஒரு டேப் வைத்திருந்தார்கள். மார்க்காம்பில் கசிவு என்று வரும் பெண்களிடம் வரிசையாகச் சில கேள்விகள் கேட்டு, பதிலை அதில் தட்டினால், புற்றுநோய் இருக்கும் வாய்ப்பு நூற்றுக்கு இவ்வளவு என்று அதுவே சொல்லிவிடுமாம். என் வயதைக் கேட்டுத் தட்டிக் காட்டினார்கள். கிழவிக்கு எவ்வளவு ஆபத்து என்று தெரிந்துகொண்டு பிள்ளைகள் சந்தோஷமாக காபி குடித்தார்கள்.

"நீங்க அந்தக் காலத்துல அட்டையில எழுதியே பார்த்தீங்களாமே சிஸ்டர். புதுசா வந்தவங்களுக்கு அதைப் பத்தி ஒரு அரை மணி நேரம் பேசுங்களேன்" என்றாள் ஒருத்தி.

மைக்கைக் கண்டால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். எழுதித் தருகிறேன், யாராவது படித்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவைத்தேன். எழுத உட்கார்ந்த பிறகுதான் தெரிகிறது, அந்த அட்டையைப் பற்றி எனக்குச் சொல்லத் தெரிந்தது ஒரே ஒரு சங்கதிதான். அதுவும் இத்தனை வருஷம் ஆகியும் எனக்கே சரியாகப் பிடிபடாத சங்கதி. குழம்பியவள் எழுதுவது குழப்பமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என்னைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பூதலூர்ப் பக்கம் பிறந்தவள். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் நடவுக்கும் அறுப்புக்கும் போனவர்கள். எங்கள் தெருவில் வெள்ளைச் சீருடை போட்டு முதலில் ரயில் ஏறியவள் நான்தான். படிப்பு மூன்றரை வருஷம். அதில் ஊசி போடக் கற்றதைவிட, திட்டு வாங்கிக்கொண்டு முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொள்ளக் கற்றதுதான் அதிகம். பிறகு தஞ்சாவூரில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை. காலையில் பாசஞ்சரில் போவேன், சாயங்காலம் பாசஞ்சரில் வருவேன். இருபத்தெட்டு வருஷம் அப்படியே ஓடியது.

பாதி வழியில்தான் டாக்டரம்மா வந்து சேர்ந்தார். அறுவை சிகிச்சை டாக்டர். அதுவரை அந்தப் பிரிவில் எல்லோரும் ஆண் டாக்டர்கள். மாரில் ஏதாவது என்றால் எங்கள் பக்கத்துப் பெண்கள் கடைசி வரை மறைத்து வைத்து, நாற்றம் எடுத்த பிறகுதான் வருவார்கள். டாக்டரம்மா புதன்கிழமைகளில் பெண்களை மட்டும் தனியாகப் பார்க்க ஆரம்பித்தார். இரண்டு மாதத்தில் வராந்தா நிரம்பிவிட்டது.

அது ஊருக்கு ஊர் எஸ்.டி.டி. பூத் முளைத்த காலம். ஆற்றில் தண்ணீர் எப்போது வரும் என்பதைவிட விசா எப்போது வரும் என்பதுதான் ஊர்ப் பேச்சாக இருந்தது. கடலோர ஊர்களில் வீட்டுக்கு ஒருவர் சவுதியிலோ துபாயிலோ இருந்தார். புதன்கிழமை வராந்தாவில் உட்கார்ந்திருந்த பெண்களில் முக்கால்வாசிப் பேருக்குப் புருஷன் கடல் தாண்டி இருந்தான். கூட வந்தது மாமியாரோ நாத்தனாரோ. நோயாளியை ஒரு கேள்வி கேட்டால் கூட வந்தவர்தான் பதில் சொல்வார். எனக்கு எரிச்சலாக வரும். "வலி உங்களுக்கா அவங்களுக்கா?" என்று கேட்டிருக்கிறேன். நான் அப்போது கொஞ்சம் வாய்த்துடுக்குக்காரி.

டாக்டரம்மாவுக்கு எரிச்சலே வராது. ஒரு கேள்வி கேட்டுவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பார். பதில் வரும்வரை அடுத்த கேள்வி கிடையாது. தொட்டுப் பார்ப்பதற்கு முன் கையை வெந்நீரில் நனைத்துத் துடைத்துக்கொள்வார். சில்லென்ற கை பட்டால் உடம்பு பூட்டிக்கொள்ளும் என்பார். "பயப்படாதீங்க" என்ற வார்த்தையை அவர் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. பயப்படுகிற விஷயமாக இருந்தால் என்ன செய்வது என்பார். இன்னொன்று, அவர் எழுதுவது எல்லாம் பென்சிலில்தான். பேனா கையெழுத்துக்கு மட்டும்.

அந்த அட்டை அவர் போட்டதுதான். கசிவு என்று வருகிறவர்களுக்கு மட்டும் ஒரு மஞ்சள் அட்டை. கசிவு ஒரு பக்கமா, இரண்டு பக்கமா? காம்பில் ஒரே இடத்திலிருந்து வருகிறதா, பல இடத்திலிருந்தா? தானாக வருகிறதா, அமுக்கினால் வருகிறதா? என்ன நிறம்? கட்டி ஏதும் தட்டுப்படுகிறதா? வயது என்ன? இவ்வளவுதான். இரண்டு பக்கமும், அமுக்கினால் மட்டும், பால் போலவோ பச்சையாகவோ வந்தால் பெரும்பாலும் கவலை இல்லை. ஒரே பக்கம், ஒரே துளையில், தானாக, ரத்தமாகவோ தெளிந்த தண்ணீராகவோ வந்தால் விடக்கூடாது. வயது கூடக் கூட விடவே கூடாது. நேராகப் பார்த்துச் சொல்ல மேமோகிராம் எடுக்கலாம் என்றால், அதற்குத் திருச்சிக்குப் போக வேண்டும். போய்வா என்று சொன்னால் பாதிப் பேர் திரும்பி வரமாட்டார்கள். அதனால் யாரை உடனே பிடித்து உட்கார வைக்க வேண்டும் என்று தெரிய அந்த அட்டைதான் எங்களுக்கு வழி.

எனக்கு முதலிலிருந்தே அதில் ஒரு குழப்பம் இருந்தது. "மேடம், இருக்கா இல்லையான்னு கேட்டா இருக்கலாம்னு சொல்றோம். இது ஜோசியம் மாதிரி இல்லையா?" என்று ஒருநாள் கேட்டேவிட்டேன். அவர் பதில் சொல்வதற்குள், கட்டிலில் படுத்திருந்த வேதாரண்யத்து அம்மாள் ஒருவர் சொன்னார்: "எங்க ஊர்ப் பக்கம் புயல் கூண்டு ஏத்துவாங்கம்மா. ஏத்துன தடவையெல்லாம் புயல் அடிக்கிறதில்ல. அதுக்காக வலையக் கரையில போட்டுட்டுத் தூங்க முடியுமா?" டாக்டரம்மா அன்று முழுக்கச் சிரித்த முகமாக இருந்தார். எனக்கு அப்போது புரிந்தது போலத்தான் இருந்தது.

அட்டையைவிடப் பெரிய தலைவலி துணி. நிறத்தைக் கேட்டால் யாருக்கும் சொல்ல வராது. "ஒரு மாதிரி" என்பார்கள். அதனால் நான் ஆளுக்கொரு வெள்ளை மல் துணியை நாலாக மடித்துக் கொடுப்பேன். மூன்று நாள் உள்ளே வைத்து, ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு, துவைக்காமல் கொண்டு வர வேண்டும். துவைக்காமல் என்று நாலு தடவை சொல்வேன். சொல்லி என்ன? அழுக்குத் துணியை ஆஸ்பத்திரிக்கு எடுத்துவர எந்தப் பெண்ணுக்கு மனது வரும்? ஒருத்தி துவைத்து, நீலம் போட்டு, இஸ்திரியும் போட்டுக் கொண்டு வந்தாள். "டாக்டர் பார்க்கிற துணியாச்சே சிஸ்டர்" என்றாள். அது மட்டுமில்லை. டாக்டரிடம் காட்டப்போகிறோமே என்று காலையில் குளிக்கும்போது இருப்பதையெல்லாம் பிழிந்து எடுத்துவிட்டு வருவார்கள். இங்கே வந்து அமுக்கினால் ஒரு சொட்டு வராது. சுத்தத்தால் கெட்டவர்கள் எங்கள் ஊர்ப் பெண்கள் என்று நான் புலம்பாத புதன்கிழமை கிடையாது.

இப்போது சபுராவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயரை மாற்றித்தான் எழுதுகிறேன்.

தரங்கம்பாடிக்குப் பக்கத்து ஊர். நாற்பத்து மூன்று வயது. பெரிய பிள்ளை கல்லூரியில் இருந்தான், சின்னப் பெண் பத்தாவது. புருஷன் சவுதியில் ஒரு கடையில் வேலை. வந்துவிட்டுப் போய் இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. கூட வந்தவர் மாமியார். மெலிந்த உடம்பு, வெள்ளை வேட்டித்துணி முக்காடு, குரல் மட்டும் கணீர் என்று இருக்கும். சபுரா அவரை மாமி என்று கூப்பிட்டதால் நானும் மனதுக்குள் மாமி என்றே வைத்துக்கொண்டேன்.

முதல் புதன்கிழமை துணி கொடுத்து அனுப்பினேன். அடுத்த புதன்கிழமை சொன்னபடி கவரில் போட்டுக் கொண்டுவந்தார்கள். துவைக்கவில்லை. எனக்கு வியப்பாக இருந்தது. டாக்டரம்மா ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டார். பதிலை மாமிதான் சொன்னார்.

"எந்தப் பக்கம்?"

"இடது பக்கம் டாக்டரம்மா. இடது மட்டுந்தான்."

"ஒரே இடத்துல இருந்தா?"

"ஒரே இடந்தான்."

"தானா வருதா?"

"தானாத்தான் வருது."

"என்ன நிறம்?"

"ரத்தம்" என்றார் மாமி. சபுரா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பென்சிலில் எல்லாம் ஏறியது. எல்லாப் பதிலும் மோசமான பதில். டாக்டரம்மா அமுக்கிப் பார்த்தார். வழக்கம் போல ஒன்றும் வரவில்லை. கட்டியும் இல்லை. துணியை நான் எடுத்து, கறையின் மேல் ஒரு சொட்டு உப்புநீர் விட்டு, மூத்திரத்தில் ரத்தம் பார்க்கும் பட்டையை அதில் தொட்டு வைத்தேன். ஒரு நிமிஷத்தில் பச்சையாக மாறியது. ரத்தமேதான். டாக்டரம்மா அட்டையின் மூலையில் ஒரு சுழி போட்டார். சுழி போட்டால் விடக்கூடாதவர் என்று அர்த்தம். ஸ்கேன் எழுதினார். காம்புக்குப் பின்னால் உள்ள குழாய்களை எடுத்துச் சோதிக்க வேண்டியிருக்கலாம் என்றார்.

எனக்கு மட்டும் அந்தத் துணி உறுத்திக்கொண்டே இருந்தது. அதுவரை எத்தனையோ துணி பார்த்திருக்கிறேன். உள்ளேயிருந்து கசிந்தால் நாலு மடிப்பிலும் இறங்கும். நடுவில் கறை, சுற்றி ஈரம் காய்ந்த வளையம் இருக்கும். இதில் மேல் மடிப்பில் மட்டும் இரண்டு பொட்டு. வளையம் இல்லை. அடுத்த மடிப்பு வெள்ளை வெளேர் என்று இருந்தது. சபுரா ரவிக்கையை மாட்டும்போது உள்பக்கத்தைப் பார்த்தேன். இரண்டு பக்கமும் துணி கஞ்சி போட்டது போல மொரமொரவென்று இருந்தது. பால் காய்ந்தால் அப்படி இருக்கும். பிள்ளை பெற்ற எவளுக்கும் தெரியும்.

மாமியை டீ குடித்துவிட்டு வரச் சொல்லி அனுப்பினேன். திரையை இழுத்துவிட்டு, "விரலைக் காட்டும்மா" என்றேன். ஊசியால் குத்தி வைத்த ரத்தமோ என்று பத்து விரலையும் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை.

"உனக்கு வர்றது ரத்தம் இல்ல, பால். ரெண்டு பக்கமும் வருது. சரியா?"

அவள் அழவில்லை. முகம்தான் வெளுத்துப்போனது. "சிஸ்டர், அட்டையில பால்னு எழுதிடாதீங்க" என்றாள். "எங்க கொழுந்தன் இங்கிலீஷ் படிச்சவரு. எல்லாக் காகிதத்தையும் படிப்பாரு. ஜெராக்ஸ் எடுத்து சவுதிக்கு அனுப்புவாரு. மச்சான் போயி ரெண்டு வருஷமாச்சு. எனக்குப் பால் வருதுன்னா என்ன நெனைப்பாங்க?"

"மாசாமாசம் குளிக்கிறியா?"

"மூணு மாசமா இல்ல." இதைச் சொல்லும்போதுதான் அழுதாள். "சத்தியமா நான் ஒரு தப்பும் பண்ணல சிஸ்டர். ஆனா எப்படின்னு எனக்கே தெரியல. ராத்திரி படுத்தா, தெரியாமயே ஏதாச்சும் நடந்திருக்குமான்னு என் மேலயே எனக்குச் சந்தேகம் வருது."

நாற்பத்து மூன்று வயதுப் பெண் இப்படிக் கேட்டால் என்ன சொல்வீர்கள்? "அப்ப துணியில ரத்தம் எங்கேருந்து வந்துச்சு?" என்று மட்டும் கேட்டேன். "அதைக் கேக்காதீங்க" என்றாள். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று அவள் கையைப் பிடித்துச் சொன்னேன்.

சொன்ன பிறகுதான் மாட்டிக்கொண்டேன். ஆஸ்பத்திரியில் பால் என்றால் நல்ல பதில், ரத்தம் என்றால் கெட்ட பதில். அவள் வீட்டில் ரத்தம் என்றால் அவள் நோயாளி, பால் என்றால் நடத்தை கெட்டவள். நான் வாயைத் திறக்காவிட்டால் ஒன்றுமில்லாத மாரில் கத்தி வைப்பார்கள். திறந்தால் அட்டை போகும் வழியெல்லாம் அவள் மானமும் போகும். வாக்குக் கொடுத்த வாயாலேயே காட்டிக்கொடுக்க வேண்டும். அன்றைக்கு மூன்று பேருக்கு ஊசியை மாற்றிப் போடாமல் இருந்ததே பெரிய விஷயம். அவ்வளவு குழம்பிப்போயிருந்தேன்.

கடைசியில், டாக்டரம்மா கை கழுவும் இடத்தில் நின்று சொல்லிவிட்டேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் ஜன்னலைப் பார்த்தார். பிறகு, "அட்டையை அப்படியே வைங்க, அழிக்க வேண்டாம். பாலை நான் என் நோட்டுல எழுதிக்கிறேன். அந்தப் பொண்ணை மட்டும் கூட்டிட்டு வாங்க" என்றார்.

முதலில் சிறுநீர் பார்த்தோம். கர்ப்பம் இல்லை. அடுத்து, என்ன மாத்திரை சாப்பிடுகிறாய் என்று கேட்டார். வயிறு உப்புசமாக இருக்கிறது, குமட்டுகிறது என்று மெடிக்கலில் ஏழெட்டு மாதமாக வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தாள். மாத்திரை அட்டை பையிலேயே இருந்தது. டாக்டரம்மா அதைத் திருப்பிப் பார்த்து, "இந்த மாத்திரை சில பேருக்குப் பால் சுரக்க வைக்கும், மாதவிலக்கையும் நிறுத்தும். நிறுத்தினா சரியாயிடும்" என்றார். சபுரா அவரையே பார்த்தாள். "மாத்திரையாலயா?" என்றாள். திரும்பத் திரும்ப அதையே கேட்டாள். உடம்பைத் தூக்கி அவளிடமே திருப்பிக் கொடுத்தது போல இருந்தது எனக்கு.

அத்துடன் அனுப்பியிருக்கலாம். அட்டையின்படி பார்த்தால் அனுப்பியிருக்க வேண்டும். இரண்டு பக்கம், பால், காரணமும் தெரிந்துவிட்டது. டாக்டரம்மா, "வந்தது வந்தீங்க, இன்னொரு தடவை பார்த்துடறேன்" என்றார். மற்றவர்களைப் போல இவளும் காலையில் பிழிந்துவிட்டு வந்தாளே, அதற்குள் நாலைந்து மணி நேரம் ஓடியிருந்தது. இப்போது இரண்டு பக்கமும் வெள்ளையாக, பல இடத்தில் துளிர்த்தது. ஒவ்வொரு சொட்டாகத் துடைத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பட்டை வைத்தோம். எதுவும் மாறவில்லை. இடது பக்கம், கடிகார முள் இரண்டில் நிற்குமே, அந்த இடத்தில் ஒரு சொட்டு மட்டும் அரிசி கழுவின தண்ணீரில் செங்கல் தூள் விழுந்தது போல இருந்தது. பாலோடு பாலாக வந்ததால் சட்டென்று கண்ணில் படவில்லை. பட்டையை வைத்தேன். பச்சை.

எனக்கு முதலில் சந்தேகம்தான் வந்தது. திரும்பவும் ஏதாவது செய்துவிட்டாளா? அவள் விரல்களை மறுபடியும் பார்த்தேன். அவள் கை இரண்டையும் தலைக்கு மேல் வைக்கச் சொன்னேன். காம்பை சோப்புப் போட்டுக் கழுவினேன். புது உறை மாட்டிக்கொண்டு நானே அமுக்கினேன். அதே இடம், அதே நிறம், அதே பச்சை. அடுத்த புதன்கிழமையும் அப்படியே. மாத்திரையை நிறுத்திய பிறகு பால் நாளுக்கு நாள் வற்றியது. இந்த ஒரு சொட்டு மட்டும் நிற்கவில்லை, அமுக்காமலே வந்தது.

டாக்டரம்மா மஞ்சள் அட்டையை எடுத்து முன்னால் வைத்தார். இடது. ஒரே இடம். தானாக. ரத்தம். நாற்பத்து மூன்று. அழிப்பதற்கு ரப்பரைக்கூட எடுத்து வைத்திருந்தேன். ஒரு எழுத்தையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. முழுப் பொய்யாக எழுதின அட்டை, அப்படியே முழு உண்மையாக எங்கள் முன்னால் கிடந்தது. நாங்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எனக்குச் சிரிப்பு வந்தது. ரப்பரைத் திரும்ப டிராயரில் போட்டேன்.

குழாயை எடுத்துச் சோதிக்க ஆபரேஷன் என்று முடிவானது. மகனிடம் போனில் கேட்டுவிட்டதாகச் சொல்லி, சம்மதப் படிவத்தில் மாமி கைநாட்டு வைக்க வந்தார். அவருக்கு எழுதத் தெரியாது. நான் அவர் இடது கட்டைவிரலைப் பிடித்து மைப்பெட்டியில் அழுத்தப்போனேன். விரல் நுனியில் நாலைந்து ஊசிக்குத்து. ஆறிக் கறுத்திருந்தது.

நான் பிடித்த விரலை விடவில்லை. மாமி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் பயம் இல்லை. "மையை நல்லா ஒத்துங்க சிஸ்டர்" என்றார். ஒத்தினேன். படிவத்தில் ரேகைக்கு நடுவில் வெள்ளைப் புள்ளிகள் விழுந்தன. இத்தனை நாளும் யாருக்குப் பயந்து அந்தப் பெண் மறைக்கிறாள் என்று நினைத்தேனோ, அவர்தான் தன் ரத்தத்தைக் கொடுத்து அவளை மறைத்தவர். மாமியார் என்றாலே ஒரு மாதிரி என்று முடிவு கட்டி வைத்திருந்தேன் அல்லவா, அதற்கு வெட்கப்பட்டேன். இப்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

பத்து நாளில் பரிசோதனை முடிவு வந்தது. புற்றுநோய். குழாயைத் தாண்டி வெளியே போகாத ஆரம்ப நிலை. அந்தக் காலத்தில் அதற்கும் மாரை எடுப்பதுதான் வழி. டாக்டரம்மா மறைக்காமல் சொன்னார். சபுரா கடைசிவரை கேட்டுக்கொண்டாள். மாமிதான் எழுந்து வெளியே போய்விட்டார்.

தேடிக்கொண்டு போனேன். வராந்தாக் கடைசியில் தண்ணீர்க் குழாயடியில் உட்கார்ந்திருந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்:

"சிஸ்டர், நான் பொய்யா ரத்தம்னு சொன்னேன். இல்லாத நோயை இருக்குன்னு வாயால சொன்னேன். அதனாலதான் அல்லா அதை நெசமாக்கிட்டானா?"

"இல்லம்மா. அது முன்னாடியே உள்ள இருந்திருக்கு. நீங்க சொன்னதாலதான் நாங்க தேடுனோம்."

"நான் ஒண்ணும் இல்லைன்னு நெனச்சுத்தானே சொன்னேன். சும்மா சொன்னேன்."

"சும்மா சொன்னா, ரெண்டு பக்கமும்னு சொல்லியிருக்கலாமே. இல்ல வலதுன்னு சொல்லியிருக்கலாமே. இடதுன்னு ஏன் சொன்னீங்க?"

இதைப் பற்றி அவரே யோசித்ததில்லை என்று முகத்தில் தெரிந்தது.

"அவ துணியை நான்தான் அலசுவேன். புள்ளைங்க கண்ணுல படக்கூடாதுன்னு தனியா அலசுவேன். பால் கறை தண்ணியில போட்டதும் போயிடும். இடது பக்கத்துல மட்டும் ஓரமா ஒரு பழுப்பு நிக்கும். ரெண்டு தடவை சோப்புப் போடணும். அதனால எடதுன்னு வாயில வந்துச்சோ என்னமோ."

வருஷக்கணக்காக துவைக்காதே, துவைக்காதே என்று நான் கத்திக்கொண்டிருந்தேனே, அந்தத் துவைக்கிற கைக்குத்தான் எங்கள் யாருக்கும் முன்னால் தெரிந்திருக்கிறது. தெரிந்தது என்று அதற்கே தெரியவில்லை. அப்படியானால் அவர் சொன்னது பொய்யா, உண்மையா? பொய் சொல்லலாம் என்று நினைத்து வாயைத் திறந்தார், உள்ளே இருந்த உண்மை முந்திக்கொண்டு வந்துவிட்டதா? இல்லை, வெறும் தற்செயலா? அவர் நேராகப் பால் என்று சொல்லியிருந்தால் மாத்திரையை நிறுத்து என்று அனுப்பியிருப்போம். டாக்டரம்மாவே பிற்பாடு ஒப்புக்கொண்டார். நான் வாக்கைக் காப்பாற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும், மீறியது சரியா, இதையெல்லாம் எத்தனையோ ரயில் பயணத்தில் போட்டு உருட்டிவிட்டேன். தஞ்சாவூரில் ஏறும்போது ஒரு முடிவுக்கு வருவேன். பூதலூரில் இறங்கும்போது அது மாறிவிடும்.

டாக்டரம்மாவிடம் சொன்னேன். அவர் வெற்று அட்டை ஒன்றை எடுத்து, கேள்விகளுக்குக் கீழே இருந்த இடத்தில் பென்சிலால் ஒரு வரி எழுதினார். "துணி துவைப்பது யார்? அவரையும் கேட்கவும்." அடுத்து அச்சடித்த அட்டைகளில் அது கடைசிக் கேள்வியாக வந்தது. நான் ஓய்வு பெறும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன். பிள்ளைகள் கொண்டுவந்த டேப்பில் தேடிப் பார்த்தேன். அதில் இல்லை. அவர்களைக் குறை சொல்லவில்லை. இப்போது எல்லார் வீட்டிலும் வாஷிங் மெஷின் இருக்கிறது.

அது சொல்லும் எண் சரியாகத்தான் இருக்கும். எங்கள் அட்டையும் சபுரா விஷயத்தில் சரியாகத்தான் சொன்னது. யார் சொன்ன பதிலை வைத்துச் சொன்னது என்பதுதான் என் குழப்பம். பேசச் சொன்ன பிள்ளைகளே, பதில் தெரிந்தால் எனக்கும் சொல்லுங்கள்.

மாரை எடுத்து மூன்று மாதம் கழித்து சபுரா மறுபார்வைக்கு வந்தாள். முகம் தெளிந்திருந்தது. புருஷன் அடுத்த மாதம் லீவில் வருவதாகச் சொன்னாள். வலது பக்கத்துக்கு வைக்கச் சொல்லி நான் கொடுத்திருந்த துணி, கவரில் பத்திரமாக இருந்தது. துவைக்கவில்லை.

நான் கவரைப் பிரிக்கப்போனேன். "இருங்க சிஸ்டர்" என்றார் மாமி. முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, என் முன்னால் வந்து நின்று, இரண்டு கையையும் நீட்டி, பத்து விரலையும் விரித்துக் காட்டினார்.

"மொதல்ல இதைப் பார்த்துக்குங்க. அப்புறம் துணியைப் பாருங்க."

ஒவ்வொரு விரலாகத் தொட்டுப் பார்த்தேன். ஒரு குத்தும் இல்லை. அதன் பிறகுதான் துணியை எடுத்து, நாலு மடிப்பையும் ஒவ்வொன்றாகப் பிரித்தேன். வெள்ளையாக இருந்தது.